அயல்நாட்டு அஞ்சலட்டை: கோம்பையும் கம்பம் பள்ளத்தாக்கும்

அயல்நாட்டு அஞ்சலட்டை என்பது பிழைப்புக்கோ போருக்கோ ஊர் பார்க்கவோ கடல் கடந்து போனவர், வீட்டிலிருப்போருக்கு உறையில் இடாமல் திறந்தபடி எழுதி அனுப்பும் கெட்டித்தாள் மடல். பேச்சில் இதைக் கார்டு என்பார்கள். வயதானவர்கள் கார்டையும் கவரையும் சேர்த்துக் கடுதாசி என்றே சொல்வார்கள். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள பேரூர் கோம்பை. இவ்வூர் அடங்கிய பழைய மதுரை ஜில்லாவுக்கு இத்தகைய அட்டை வந்த வழி, ஐரோப்பாவில் அது பரவிய வழியிலிருந்து வேறுபட்டது. அங்கே அனுப்பியவர்கள் விடுமுறைப் பயணிகள். இங்கே வந்த அட்டைகளை அனுப்பியவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் காட்டுக்கும் பட்டாளத்துக்கும் போனவர்கள். அஞ்சலட்டை பற்றிய நூல்கள் படமுள்ள பக்கத்தையே பெரிதாகப் பேசியிருக்கின்றன. எழுத்துள்ள பக்கத்துக்கும் அதே மதிப்பு உண்டு.

தோற்றம்

உறையில்லா மடல் என்ற யோசனையை ஆஸ்திரியப் பொருளியல் ஆசிரியர் எமானுவேல் ஹெர்மன் 1869 ஜனவரி 26 அன்று வியன்னா நாளிதழ் ஒன்றில் எழுதினார். அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி அஞ்சல் துறை முதல் அட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெர்மானிய அஞ்சல் அதிகாரி ஹைன்ரிஹ் ஃபான் ஸ்டெஃபான் 1865இலேயே இதை ஒத்த திட்டமொன்றை முன்வைத்திருந்தார். ஆனால் அது அப்போது ஏற்கப்படவில்லை. அட்டையை மக்கள் கையில் கொடுத்த பெருமை ஹெர்மனுக்கே உரியது. சரியாக ஓராண்டு கழித்து, 1870 அக்டோபர் 1 அன்று பிரிட்டன் அரைப் பென்னி அட்டையை வெளியிட்டது.

ஆசியாவில் இலங்கை முந்திக்கொண்டது. 1872இல் அங்கே 2 சதம் விலையில் அட்டை வந்தது. இந்தியாவில் 1879 ஜூலை 1 அன்றுதான் அஞ்சலட்டை விற்பனைக்கு வந்தது. தமிழ்த் தோட்டத் தொழிலாளி கார்டு என்ற பொருளைச் சொந்த மண்ணில் பார்ப்பதற்கு ஏழாண்டு முன்பே தோட்டத்து மண்ணில் பார்த்திருக்க வாய்ப்பிருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1879இல் இந்தியா இரண்டு விதமான அட்டைகளை ஒரே நாளில் வெளியிட்டது. உள்நாட்டுக்கு உரியது காலணா. வெளிநாட்டுக்கு உரியது ஒன்றரை அணா. ஆறு உள்நாட்டு அட்டையின் விலை ஒரு வெளிநாட்டு அட்டைக்கு. லண்டனில் தெ லா ரூ அச்சகம் அச்சிட்ட இவ்வட்டைகளில் விக்டோரியா அரசியின் தலை பொறித்த முத்திரை வலப்புற மேல் மூலையிலேயே அச்சாகியிருந்ததால், தனியாக ஸ்டாம்பு வாங்கி ஒட்டவேண்டிய வேலை இல்லை. உள்நாட்டுக் கடிதத்துக்கு அப்போது அரையணா. கார்டு அதில் பாதி. கூலிக்காரர் கைக்கு எட்டும் விலையில் அரசாங்கம் ஏதாவது விற்றதென்றால் அது இதுதான்.

நாடு விட்டு நாடு அட்டை போவதற்கு அடித்தளம் 1874 அக்டோபர் 9 அன்று ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை. இதன்படி உறுப்பு நாடுகள் எல்லாம் ஒரே அஞ்சல் எல்லை. அனுப்புகிறவர் தம் நாட்டில் காசு கட்டினால் போதும். பெறும் நாடு கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மறுபடி காசு கேட்கக்கூடாது. வசூலித்த நாடே காசை வைத்துக்கொள்ளும், ஏனெனில் கடிதம் வந்தால் பதிலும் போகும் என்பது கணக்கு. இந்தியா 1876 ஜூலை 1 அன்று இதில் சேர்ந்தது. இலங்கையும் மலேயாவின் நீரிணைக் குடியேற்றங்களும் 1877இல் சேர்ந்தன. 1878இல் இவ்வமைப்புக்கு உலக அஞ்சல் ஒன்றியம் என்ற பெயர் வந்தது. கண்டி மலையில் சிவப்புத் தபால் பெட்டிக்குள் போட்ட அட்டை, மலையடிவாரத்து மதுரை ஜில்லாக் கிராமத்தில் காசு கேட்காமல் கிடைத்ததற்கு இந்த விதியே காரணம்.

வகைகள்

முத்திரை அச்சிட்ட அரசாங்க அட்டை, தபால்தலை ஒட்டி அனுப்பும் தனியார் அட்டை, மறுமொழி அட்டை, படஅட்டை, போர்க்கள அட்டை என ஐந்து வகை சொல்லலாம். இவற்றுள் மறுமொழி அட்டை நுட்பமானது. ஒன்றோடொன்று சேர்ந்த இரண்டு அட்டைகள். ஒன்றில் சேதி எழுதப்பட்டிருக்கும், மற்றது வெறுமையாக இருக்கும். பெற்றவர் வெற்று அட்டையைக் கிழித்து, அதில் பதில் எழுதி அனுப்பலாம். இலங்கை முத்திரை இந்தியத் தபால் நிலையத்தில் செல்லுபடியாகும் அரிய நேர்வு இது. பதிலுக்குக் காசில்லாத தாயிடமிருந்தும் பதில் வாங்கித் தரும் இந்த ஏற்பாடு பிற்காலத்தில் உலக அளவில் கைவிடப்பட்டது வருந்தத்தக்கது.

படஅட்டை 1890களில் பெருகியது. தொடக்கத்தில் ஒரு பக்கம் முழுவதும் விலாசத்துக்கே ஒதுக்கப்பட்டதால், சேதியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டியிருந்தது. 1902இல் பிரிட்டன் விலாசப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இடப்பாதியைச் சேதிக்கு விட்டது; 1906இல் ரோம் நகரில் கூடிய அஞ்சல் மாநாடு அதை உலகப் பொதுவாக்கியது. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் வீலே அண்ட் க்ளைன் புகைப்பட நிலையமும், கொழும்பில் பிளாட்டே நிறுவனமும் படஅட்டைகளை அச்சிட்டு விற்றன. கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியர் வாங்கி வீட்டுக்கு அனுப்பிய இலங்கைப் படங்களில் யானையும் தென்னந்தோப்பும் எவ்வளவு உண்டோ, அவ்வளவு தேயிலை கிள்ளும் தமிழ்ப் பெண்களும் உண்டு. தலையில் முக்காடு, முதுகில் கூடை, காதில் தண்டட்டி அல்லது பாம்படம், மூக்கில் வளையம். கேமராவுக்காக நிறுத்திவைத்த நிற்பு. படத்தின் கீழே தமிழ்க் கூலி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அவள் பெயரோ ஊரோ இராது. அவள் முகம் லண்டனுக்கும் ஹாம்பர்க்குக்கும் போனது. அவள் சேதி தன் தாய்க்குப் போகவேண்டுமானால் எழுதத் தெரிந்த இன்னொருவர் தயவு வேண்டியிருந்தது. 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100 பேருக்கு 5 அல்லது 6 பேரே; பெண்களில் 100க்கு ஒருவர்கூடத் தேறவில்லை.

எழுதும் முறை

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கடிதம் எழுதித் தந்தவர்கள் ஆள் பிடித்து மேற்பார்த்த கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர், பள்ளிக்கூடம் போன பையன் ஆகியோர். தோட்டத்துத் தபாலைத் தபால் நிலையத்திலிருந்து சுமந்து வருவதற்கென்றே ஓர் ஆள் இருந்தார். அவரைத் தபால் கூலி என்பார்கள். எழுதுகிறவர் கங்காணியாகவும், தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு அவர் கையிலும் இருக்கையில், அட்டையில் குறை சொல்லி எழுதச் சொல்ல யாருக்கும் வாய் வராது. இந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, இங்கு யாவரும் நலம் என்ற வரி சேதியாக இருந்ததைவிடக் கட்டாயமாகவே இருந்தது. நலம் என்று வந்த அட்டையே ஊரில் அடுத்த ஆள் பிடிக்கும் கங்காணிக்குச் சாட்சியாகவும் உதவியது.

அட்டையின் உச்சியில் பிள்ளையார் சுழி, இஸ்லாமியர் எழுதினால் 786, கிறித்தவர் எழுதினால் சிலுவைக் குறி. அதன்பின் இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொண்டது, நலம் நலமறிய ஆவல், பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம். இதற்கே பாதி அட்டை தீர்ந்துவிடும். மீதியில் மழை, காய்ச்சல், பிள்ளைப்பேறு, மணியார்டர் கிடைத்ததா என்ற கேள்வி. இடம் போதாமல் கடைசி வரிகள் ஓரத்தில் செங்குத்தாக ஏறும். அவசரமென்றால், இக்கடிதத்தைத் தந்தி போல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும் என்று முடியும். நல்ல சேதிக்கு நான்கு மூலையிலும் மஞ்சள். சாவுச் சேதிக்கு மூலையில் கறுப்பு மை. கறுப்புக் கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகமாட்டார்கள், வாசலில் நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். பழங்கார்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் வீட்டிலும் சாவுக் கார்டு கிடைக்காததற்கு இதுவே காரணம்.

கார்டு திறந்தது என்பதால் அதில் இரகசியம் எழுதக்கூடாது என்பது எழுதாத சட்டம். தபால்காரரே திண்ணையில் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார். பக்கத்து வீடும் சேர்ந்து கேட்கும். ஒருவருக்கு வந்த சேதி தெருவுக்கே வந்த சேதியாயிற்று. பணத்தோடு வரும் சேதிக்கு மணியார்டர் கூப்பன் இருந்தது. 1880இல் இந்திய அஞ்சல் துறை மணியார்டரை ஏற்று நடத்தத் தொடங்கியபின், அந்தப் படிவத்தின் அடித்துண்டில் எழுதும் நான்கு வரியே பல குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடிதம். விலாசமும் ஒரு தனிக் கலை: கோம்பை போஸ்ட், உத்தமபாளையம் வழி, மதுரை ஜில்லா, தென்னிந்தியா என்று கடைசிச் சொல் வரைக்கும் இறங்கி எழுதவேண்டும்.

வழித்தடம்

1914 வரை இலங்கை அஞ்சல் பெரும்பாலும் தூத்துக்குடி-கொழும்பு நீராவிக் கப்பலில் போய்வந்தது. அவ்வாண்டு பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடிக்கு ரயில் போனபின், தனுஷ்கோடி-தலைமன்னார் கப்பலோடு இணைந்த போட் மெயில் ஆளையும் அஞ்சலையும் ஒன்றாகச் சுமந்தது. மதுரையிலிருந்து, கோம்பை அமைந்த கம்பம் பள்ளத்தாக்குக்குள் வருவதற்குச் சாலைதான் வழி. போடிநாயக்கனூருக்கு ரயில் 1928இல் வந்தது. இரண்டாம் உலகப்போரில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில்தான் மறுபடி போட்டார்கள்.

இப்பகுதிக்கே உரிய இன்னொரு அயல்நாடு கண்ணெதிரே இருந்தது. கோம்பைக்கு மேற்கே மலையேறினால் இராமக்கல்மேடு, அதற்கப்பால் ஏலமலை. அது அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். தமிழர் நிறைந்த அந்த ஏலத் தோட்டங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கினார்கள். திருவிதாங்கூருக்குச் சங்கு முத்திரை பொறித்த சொந்த அஞ்சல் துறை இருந்தது. 1888இல் அது தபால்தலையும் வெளியிட்டது. ஆனால் அந்தச் சங்கு முத்திரை சமஸ்தானத்துக்கு வெளியே செல்லாது. கீழே இறங்கும் கடிதத்துக்குப் பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலை வேண்டும். மேட்டில் நின்றால் வீட்டுக் கூரை தெரியும் தூரம். கடிதத்துக்கோ வேறு அரசாங்கம். 1951 ஏப்ரல் 1 அன்று சமஸ்தான அஞ்சல் இந்திய அஞ்சலோடு இணைந்ததும் இந்த எல்லை அழிந்தது.

போர்க்கள அட்டை

முதல் உலகப்போரில் (1914-1918) பிரிட்டிஷ் படையில் வழங்கிய அட்டையில் எழுதவே வேண்டாம். நான் நலம், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன், உன் கடிதம் கிடைத்தது என்ற வரிகள் முன்பே அச்சாகியிருக்கும். வேண்டாதவற்றை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போடவேண்டும்; கூட ஒரு சொல் எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே எச்சரிக்கை இருந்தது. மெசபொடோமியாவில் பணியாற்றிய மதராஸ் சாப்பர்ஸ் போன்ற படைப்பிரிவுகளின் சிப்பாய்கள் இத்தகைய தணிக்கைக்குள்தான் ஊருக்கு எழுதினார்கள்.

பிழைப்புக்கும் போருக்கும் போனவர்களோடு ஒப்பிட்டால், ஊர் பார்க்கப் போன தமிழர் எண்ணிக்கை சிறிது. அவர்களில் முதன்மையானவர் ஏ.கே. செட்டியார், காந்தி ஆவணப்படத்துக்காக உலகம் சுற்றியவர், 1940இல் 'உலகம் சுற்றும் தமிழன்' வெளியிட்டவர்.

தேய்வு

1964 இரண்டு அடிகளைக் கொடுத்தது. அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்றானபின் கார்டின் திசை மாறியது. தாயகம் திரும்பியவர்கள் தோட்டத்தில் விட்டுவந்தவர்களுக்கு எழுதத் தொடங்கினார்கள். அதே ஆண்டுகளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்கு நேயர் விருப்பம் கேட்டுத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து அட்டைகள் குவிந்தன. 1983க்குப் பிறகு இலங்கை உள்நாட்டுப் போரும் கப்பல் நிறுத்தமும் போக்குவரத்தைக் குலைத்தன. வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் நீல ஏரோகிராமும் குரல் பதிந்த கேசட்டும் அனுப்பினார்கள். பின் ஐ.எஸ்.டி. பூத், செல்போன், வாட்ஸ்அப் என்று வந்ததும் கார்டு ஓய்ந்தது. உள்நாட்டு அஞ்சலட்டை இப்போதும் 50 காசுக்குக் கிடைக்கிறது. 2005இல் போர்ச்சுகலில் தொடங்கிய போஸ்ட்கிராசிங் வழியாக முகமறியாதவர்களுக்குப் படஅட்டை அனுப்புவோர் இந்தியாவிலும் உள்ளனர்.