புகைபோக்கியில் மீட்டதும் அறையில் இழந்ததும்

பேலியகொடையிலிருந்து களனி கங்கையைக் கடந்து கொழும்புக்குள் நுழைகின்ற எவரும் தென்கரையிலுள்ள களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் புகைபோக்கிகளைக் காணாமல் வர முடியாது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்கு அவை சிறுவயதிலிருந்தே பழக்கமானவை. பேலியகொடையில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலூடாக அவற்றைப் பார்ப்பேன். “புகை வந்தால் இன்றைக்குக் கரண்ட் இருக்கும்” என்பார் பெரியப்பா. அந்தப் புகையோடு எவ்வளவு வெப்பம் வீணாகப் போகின்றது என்ற கேள்வி அவருக்கும் எழவில்லை, எனக்கும் எழவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியை எழுப்பியது ஒரு தகரப் பெட்டி. 2023 டிசம்பரில் ஸ்காபரோவில் வசிக்கும் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். நிலக்கீழ் அறையின் மூலையில் நான்கு குழாய்கள் பொருத்திய ஒரு பெட்டி இரவும் பகலும் மெல்ல இரைந்துகொண்டிருந்தது. அது என்னவென்று அத்தானிடம் கேட்டேன். “தம்பி, இதுதான் எச்.ஆர்.வி. வெளியே தள்ளுகிற காற்றின் சூட்டைப் பிடித்து, உள்ளே வருகிற காற்றுக்குக் கொடுக்கிறதாம். இடைக்கிடை வடியைக் கழுவ வேணும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்” என்றார்.

கனடாவில் வாழும் வாசகர்கள் பலரின் வீடுகளிலும் இந்தப் பெட்டி இருக்கும். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகை, வீட்டினுள் 21 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலைத் திறந்தால் காசு கொடுத்து வாங்கிய வெப்பம் தெருவுக்குப் போய்விடும். திறக்காவிட்டால் உள்ளிருக்கும் காற்று கெட்டுவிடும். பெட்டிக்குள்ளோ வெளியேறும் காற்றும் உள்வரும் காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமாக, ஒன்றோடொன்று கலவாமற் செல்கின்றன. வெப்பம் மட்டும் தகட்டைக் கடக்கின்றது. அந்த வெப்பநிலை வேறுபாட்டில் நான்கில் மூன்று பங்கை மீட்கக்கூடிய பெட்டியாயின், புதிய காற்று 12 பாகையில் வீட்டினுள் வரும். மீதி ஒன்பது பாகைக்கு மட்டும் எரிபொருள் செலவழித்தாற் போதும்.

இந்த எண்ணத்தின் வரலாற்றைத் தேடிப் போனபோது நான் வந்து சேர்ந்த இடம் ஒரு கிறிஸ்தவ தேவாலயம். 1816ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் ரொபர்ட் ஸ்டேர்லிங் என்ற இளம் போதகர், சூடாக்கிய காற்றினால் இயங்கும் ஓர் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத்தைவிட முக்கியமானது அதனுள் அவர் வைத்த ஒரு பாகம். சூடான காற்று குளிர்ந்த பக்கத்துக்குப் போகும் வழியில் தன் வெப்பத்தை உலோகத்திடம் விட்டுச் செல்லும். திரும்பி வரும்போது அதையே எடுத்துக்கொள்ளும். ஸ்டேர்லிங் இதற்கு இட்ட பெயர் ‘எக்கனமைசர்’, அதாவது சிக்கனக் கருவி. பின்வந்தவர்கள் இதை ‘ரீஜெனரேட்டர்’ என்றார்கள். வெப்ப மீட்பி என்று நாம் சொல்லலாம்.

அத்தான் வீட்டுப் பெட்டிக்கும் ஸ்டேர்லிங்கின் கருவிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையதில் இரு காற்றோட்டங்களும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நடுவே ஒரு சுவர் இருக்கின்றது. பின்னையதில் ஒரே பொருள் முதலில் வெப்பத்தை வாங்கிச் சேமித்து, பிறகு திருப்பிக் கொடுக்கின்றது. அதை வடிவமைப்பதிலுள்ள சிக்கலும் அன்றே தொடங்கிவிட்டது. உலோகத்தைக் கூட்டினால் அதிக வெப்பம் தங்கும். ஆனால் காற்றுக்கு வழி அடைபட்டு, அதைத் தள்ளுவதற்கே சக்தி செலவாகும். குறைத்தால் காற்று இலகுவாகப் போகும். வெப்பமும் கூடவே போய்விடும். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவேதான் வழி தேடி வருகின்றார்கள். ஸ்டேர்லிங்கின் இயந்திரம் பெரிதாகப் பரவவில்லை. ஓயாத வெப்பத்தை அக்கால இரும்பு தாங்கவில்லை, உருளைகள் பழுதடைந்தன. இயந்திரம் பின்தங்கினாலும் எண்ணம் மட்டும் வேறு தொழில்களுக்குள் புகுந்துகொண்டது.

இரும்புத் தொழில் அவற்றுள் முதன்மையானது. 1828இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் நீல்சன், ஊதுலைக்குள் செலுத்தும் காற்றை முன்கூட்டியே சூடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு தொன் இரும்புக்குச் சுமார் எட்டுத் தொன் நிலக்கரி எரிந்த ஆலையில், அது மிக விரைவிலேயே சுமார் ஐந்து தொன்னாகக் குறைந்தது. எனினும் காற்றைச் சூடாக்குவதற்கென்று தனியாகத் தீ மூட்ட வேண்டியிருந்தது. 1856இல் பிரெடரிக் சீமென்ஸ் இன்னொரு வழியைக் காட்டினார். உலையிலிருந்து வெளியேறும் வாயு, இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்கள் நிறைந்த ஓர் அறையினூடாகப் போகும். கற்கள் சூடேறியதும் வாயில்களை மாற்றி, அதே அறையினூடாகப் புதிய காற்றை உலைக்குள் விடுவார்கள். அந்த நேரத்தில் மற்றோர் அறை சூடேறிக்கொண்டிருக்கும். சில பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இப்படி மாறி மாறி நடக்கும். அடுத்த ஆண்டே எட்வேர்ட் கூப்பர் இதனை ஊதுலைக்குரிய வெப்ப அடுப்பாக மாற்றினார். 1862இல் மைக்கேல் பரடே ரோயல் இன்ஸ்டிடியூஷனில் தமது இறுதி வெள்ளிக்கிழமை மாலை உரையை நிகழ்த்தியபோது, அவர் எடுத்துக்கொண்ட பொருள் சீமென்ஸின் இந்த உலைதான்.

இதனால் நிலக்கரி மிஞ்சியதா? 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவோன்ஸ் என்ற பொருளியலாளர் இல்லையென்று எழுதினார். ஒரு தொன் இரும்புக்குரிய நிலக்கரி குறைந்தால் இரும்பு மலிவாகும். மலிவானால் அதிகம் விற்கும். முடிவில் நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு கூடவே செய்யும் என்பது அவரது வாதம். சிக்கனக் கருவிகளைப் பற்றிப் பேசுவோர் மறக்கக்கூடாத எச்சரிக்கை இது.

1920இல் சுவீடனைச் சேர்ந்த பிரெட்ரிக் யுங்ஸ்ட்ரோம், வாயில்களை மாற்றும் வேலையையே இல்லாமற் செய்தார். மெல்லிய உருக்குத் தகடுகளை அடுக்கிய ஒரு பெரிய சக்கரம் மெதுவாகச் சுழலும். அதன் ஒரு பாதி புகை செல்லும் வழியில் இருக்கும். மறுபாதி உலைக்குப் போகும் காற்றின் வழியில் இருக்கும். புகையில் சூடேறிய தகடு சுழன்று வந்து காற்றைச் சூடாக்கும். உலகின் பெரிய அனல்மின் கொதிகலன்களில் இன்றும் இந்தச் சக்கரமே பரவலாகப் பயன்படுகின்றது. தமிழ்நாட்டில் ராணிப்பேட்டையிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை இத்தகைய காற்று முன்சூடாக்கிகளைத் தயாரிக்கின்றது. கிளாஸ்கோவிலும் சுவீடனிலும் வளர்ந்த ஒரு தொழில்நுட்பம் பாலாற்றங்கரைத் தொழிலாளரின் கைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது.

இனிக் களனி கங்கைக்குத் திரும்புவோம். களனிதிஸ்ஸவில் முதலில் அமைந்தது 1960களின் தொடக்கத்தில் வந்த நீராவி மின்நிலையம். 1980களின் தொடக்கத்தில் வாயுச் சுழலிகள் வந்தன. வாயுச் சுழலியை விரைவாக இயக்கலாம். ஆனால் எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே மின்சாரமாகும். எஞ்சியதிற் பெரும்பகுதி 500 பாகைக்கு மேற்பட்ட புகையாக வானத்துக்குப் போய்விடும். 2000களின் தொடக்கத்தில் இலங்கை மின்சார சபை இங்கு 165 மெகாவாட் கூட்டுச் சக்கர மின்நிலையத்தை நிறுவியது. சுழலியின் புகையை நேரே வெளியே விடாமல் ஒரு கொதிகலனூடாகச் செலுத்தி, அந்த வெப்பத்தால் நீராவி ஆக்கி, இன்னொரு சுழலியைச் சுற்றுவதே இதன் முறை. மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு மேலதிக எரிபொருள் எதுவுமின்றி அந்தப் புகையிலிருந்து கிடைப்பது. இங்கே வெப்பம் குழாய்ச் சுவரைக் கடந்து செல்வதால், இது ஸ்டேர்லிங்கின் கருவியை அன்றி அத்தான் வீட்டுப் பெட்டியை ஒத்தது.

அக்காலத்தில் ஒரு செய்திக்காக உள்ளே சென்றபோது, எங்களை அழைத்துச் சென்ற பொறியியலாளர் ஒருவர் புகைபோக்கியைக் காட்டி, “முந்தி நாங்கள் இதனூடாகக் காசை எரித்தோம்” என்றார். அதையே தலைப்பாக்கினேன். 1996இலும் 2001இலும் மழை பொய்த்து, நாள்தோறும் பல மணி நேரம் இருளில் இருந்த நாட்டுக்கு அது நல்ல செய்தியாகவே பட்டது.

ஆனால் மீட்பதற்கு முதலில் எரிய வேண்டும். அந்த நிலையம் நப்தாவிலும் டீசலிலும் இயங்குவது. 2008 ஒக்டோபர் 28 இரவு விடுதலைப் புலிகளின் விமானம் வீசிய குண்டுகளாலும் நிரந்தரமாக ஓய்ந்துவிடாத களனிதிஸ்ஸ, 2022இல் டொலர் இல்லாமையால் ஓய்ந்து நின்றது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரத்தைத் தொட்டது. இறக்குமதி எண்ணெயை எவ்வளவு திறமையாக எரித்தாலும் அது இறக்குமதி எண்ணெய்தான்.

புகைபோக்கியின் கதை இது. அறையின் கதை வேறு. நான் பிறந்த கொட்டாஞ்சேனை வீட்டில் கூரை உயரமானது. கதவுகளுக்கு மேலே மரச்சட்டமிட்ட காற்றுத் துவாரங்கள் இருந்தன. நடுவே சிறு முற்றமும் இருந்தது. சூடான காற்று மேலே போகும், கடற்காற்று கீழே வரும். மின்சாரக் கட்டணப் பட்டியலில் இதற்கென்று ஒரு சதமும் இல்லை. 1990களில் இடம்பெயர்ந்து வந்தவர்களால் வெள்ளவத்தை நிரம்பியபோது, வீடுகள் இருந்த காணிகளில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தாழ்ந்த கூரை, ஒட்டிய சுவர்கள், இறுக மூடிய கண்ணாடி ஜன்னல், சுவரில் ஒரு குளிரூட்டி. அலுவலகங்களும் அப்படியே ஆயின. நம்மில் பலர் குளிரூட்டி வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவருவதாக எண்ணுகின்றோம். சுவரில் மாட்டும் சாதாரண குளிரூட்டி அதைச் செய்வதில்லை. அறையிலிருக்கும் அதே காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றது.

2020 ஒக்டோபர் 21 அன்று, கொவிட் தொற்றினால் பேலியகொடை மீன் சந்தை மூடப்பட்டது. அடுத்த நாட்களில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பகுதிகளில் ஊரடங்கு. பெரியப்பாவின் ஊர்ப்பெயர் தொற்றுக் கொத்தணியின் பெயராக எங்கள் பத்திரிகைகளில் நாள்தோறும் அச்சாயிற்று. நானும் அப்படித்தான் எழுதினேன். அதை எழுதிய அறை ஜன்னல் திறக்க முடியாத, குளிரூட்டிய அறை. மேசைகளுக்கிடையே தூரம் அளந்தோம், கைகளைக் கழுவினோம், வாசலில் உடல் வெப்பம் பார்த்தோம். காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சில வாரங்களில் எங்களில் ஆறு பேர் நோயுற்றோம். முப்பது வருடங்களாக என் பிழைகளைத் திருத்திய மெய்ப்புப் பார்ப்பாளர் திரும்பி வரவில்லை. அவருக்கு அந்த அறையில்தான் தொற்றியது என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அந்த அறைக்குள் புதிய காற்று வருவதற்கு வழியே இருக்கவில்லை என்பதை நான் அறிவேன்.

அப்படியானால் அத்தான் வீட்டுப் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுவந்தாற் போதுமா? போதாது. கொழும்பில் வெளியே 31 பாகை, உள்ளே 24 பாகை என்றால் வேறுபாடு ஏழு பாகைதான். இங்கே பெரிய சுமை ஈரம். அத்தகைய ஒரு நாளில் வெளியிலுள்ள ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 21 கிராம் நீராவி இருக்கும். நன்கு குளிரூட்டிய அறையில் 10 கிராம் அளவே இருக்கும். அந்த 11 கிராமை நீராக்கி வெளியேற்றுவதற்கு, ஏழு பாகையைக் குறைப்பதைப்போல நான்கு மடங்கு சக்தி வேண்டும். வெப்பத்தை மட்டும் மீட்கும் பெட்டி இங்கே ஐந்திலொரு பங்கு வேலைக்கே உதவும். எனவே நமக்குப் பொருத்தமானது ஈரத்தையும் மீட்கும் கருவி. யுங்ஸ்ட்ரோமின் சக்கரத்தைப் போன்றே சுழலும், ஆனால் ஈரமுறிஞ்சும் பூச்சுடைய சக்கரங்கள் இதற்கென உள்ளன. அவற்றில் ஒரு குறையும் உண்டு. சக்கரத்தின் ஓரங்களினூடாகப் பழைய காற்றில் ஒரு சிறு பங்கு புதிய காற்றோடு கலந்துவிடும். கொதிகலனில் இது சிறு சக்தி இழப்பு, வைத்தியசாலையில் அபாயம். அத்தகைய இடங்களில் இரு காற்றுகளையும் நன்கு பிரித்துவைக்கும் முறைகளே உகந்தவை.

குளிர்நாடுகள் இந்தப் பாடத்தைக் கற்றதும் ஒரு நெருக்கடியில்தான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வீடுகளை இறுக அடைத்தார்கள். 1977இல் கனடாவின் றெஜைனா நகரில் கட்டிய சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு, காற்றுப் புகாத சுவர்களோடு வெப்ப மீட்புக் காற்றோட்டத்தையும் சேர்த்தே வைத்தது. அடைப்பவர் காற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நாம் முதற்பாதியை மட்டும் இறக்குமதி செய்தோம்.

காரணம் கடினமானதன்று. எண்ணெய்க்கு விலைப்பட்டியல் உண்டு. ஆகவே களனிதிஸ்ஸவின் புகையிலிருந்து வெப்பத்தை மீட்டோம். மூச்சுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை; ஆகவே அது கெடுவது தெரியவில்லை. ஊர் திரும்பியபின் காபனீரொட்சைட்டை அளக்கும் சிறு கருவியொன்றை வாங்கினேன். வெளிக்காற்றில் அது பத்து இலட்சத்தில் சுமார் 420 பங்கு. வெள்ளவத்தையில் என் படுக்கையறையில், குளிரூட்டி இயங்க மூடிய கதவுக்குள் உறங்கி எழுந்த காலையில் கருவி காட்டியது 2,100. கதவையும் குளியலறையின் மேல் ஜன்னலையும் சற்றே திறந்து உறங்கியபின் அது 900க்கு இறங்கியது. மின்கட்டணம் சிறிது கூடியது.

பெரிய கட்டடங்களுக்குச் சக்கரங்கள் வரட்டும். அதுவரைக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை உங்கள் அலுவலகத்துக்கோ, பிள்ளைகள் படிக்கும் ரியூஷன் வகுப்புக்கோ போகும்போது, இந்த அறைக்குள் புதிய காற்று எந்த வழியாக வருகின்றது என்று கேட்டுப் பாருங்கள். நான் பணிபுரிந்த இடத்தில் இருபது வருடங்களாக அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்பது என் தொழிலாக இருந்தும் கேட்கவில்லை.