பெரியப்பாவின் டம்ளர்

எங்கள் சின்ன வயதில் காசநோய் என்றாலே தனித் தட்டு, தனி டம்ளர்தான். பெரியப்பாவுக்கும் திண்ணையோரம் அப்படித்தான் வைத்தோம். உண்மையில் அது பரவுவது பாத்திரத்தால் அல்ல. நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும், மற்றவர்களுக்கு வீட்டிலுமாக ஓராண்டுக்கு ஒரே மருந்துகள் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெருக்கடியான குடியிருப்பு, சத்தில்லாத சாப்பாடு. இருந்தும், 1959-ல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரேமாதிரி குணமாகியிருந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. வீட்டோடு வைத்தியம் என்பதை உலகம் ஏற்றது அதன் பிறகுதான்.

பெரியப்பாவும் மாத்திரையில் தேறினார். அந்த டம்ளரை மட்டும் கடைசிவரை நாங்கள் அடுக்களைக்குள் எடுக்கவில்லை.