கணிப்பொறியின் கேள்விப் பெட்டி

கணிப்பொறியிற் பணி செய்வோர் நாள்தோறும் காணும் சிறு கட்டம் ஒன்று உண்டு. "இக்கோப்பை அழிக்கலாமா?" என்று அது வினவும், கீழே "ஆம்", "வேண்டாம்" என இரு பொத்தான்கள் நிற்கும். இதனை உரையாடற் பெட்டி என்பர். பெங்களூரிலும் புனேயிலும் நம்மவர் பலர் இத்தகைய பெட்டிகளை ஆக்கும் தொழிலில் இருத்தலின், இதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் 1973-இல் உருவான ஆல்டோ என்னும் பொறி, திரையில் படங்களையும் கையில் சுட்டெலியையும் தந்தது. அவ்வழி வந்ததே ஆப்பிள் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட லிசா. அதனை உருவாக்கியோர் பொத்தானின்மேல் முதலில் "டூ இட்", அதாவது "இதைச் செய்", என்றே எழுதினர். சோதித்துப் பார்க்க வந்தோர் அதனை அழுத்தத் தயங்கினர். காரணம் பின்னரே விளங்கிற்று: எழுத்துகள் நெருங்கி நின்றமையால் ஒருவர் அதனை "டோல்ட்" என்று படித்துவிட்டார். ஆங்கிலத்தில் அதற்கு மூடன் என்பது பொருள்! பொறி தம்மை ஏன் ஏசுகிறது என்று அவர் சினந்தாராம். அதன்பின் வந்த சொல்லே இன்று உலகெங்கும் வழங்கும் "ஓகே".

1984-இல் மாக்கிண்டாஷும் 1985-இல் விண்டோஸும் வெளிவந்தன. யூனிக்ஸ் பொறிகளுக்கு எக்ஸ் என்னும் சாளர அமைப்பு வாய்த்தது. ஒவ்வொன்றின் வழக்கமும் வேறு. "ஓகே" பொத்தான் மாக்கிண்டாஷில் வலக்கோடியில் நிற்கும். விண்டோஸிலோ "கான்சல்" பொத்தானுக்கு இடப்புறம் நிற்கும். ஆதலின் ஒரே கேள்வியை ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. பொருள் வசதியற்றோர் ஒன்றுக்கு மட்டும் எழுதினர். ஏனையோர்க்கு அந்நிரல் எட்டாக்கனியாயிற்று.

1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்த ஜூலியன் ஸ்மார்ட் என்பார்க்கும் இவ்விடர் நேர்ந்தது. விண்டோஸிலும் எக்ஸிலும் ஓடத்தக்க நிரல் அவருக்குத் தேவை. விலைக்குக் கிடைத்த கருவிகளோ கைக்கு எட்டாதவை. ஆகவே டபிள்யூஎக்ஸ் என்னும் பொதுத் தொகுப்பைத் தாமே தொடங்கினார். அது ஒவ்வொரு தளத்திலும் அத்தளத்தின் சொந்தப் பொத்தானையே கேட்டு வாங்கிக் காட்டும். மராத்தியரிடம் மராத்தியும் வங்காளியரிடம் வங்கமும் பேசிப் பழகிய நேயர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை. நார்வேயில் பிறந்து 1995-இல் வெளிவந்த க்யூட் என்னும் தொகுப்போ, செல்லுமிடமெல்லாம் தன் பாத்திரங்களையே சுமந்து செல்பவரைப் போல, பொத்தான்களைத் தானே வரைந்து கொண்டது. பெரிய நிரல்களுக்கு அது நன்றே. எனினும் ஒற்றைக் கேள்விக்கு, பயனாளர் கைக்குப் பழகிய பெட்டியே ஏற்றதென்பது நம் கருத்து.

இவையெல்லாம் பெருந்தொகுப்புகள். கேள்வி ஒன்று கேட்க விரும்பும் மாணவனும் முதலில் முழுச் சாளரத்தை எழுப்பி, பயனாளர் எப்பொழுது எதனை அழுத்துவாரோ என்று ஓயாது காத்திருக்கும் சுழலை அமைக்க வேண்டும். அமெரிக்காவில் ஜான் ஔஸ்டர்ஹவுட் ஆக்கிய டிகே என்னும் தொகுப்பு இச்சுமையைப் பெரிதும் குறைத்தது. அதன்மேல், பைதான் மொழியில் எழுதுவோர்க்கென ஸ்டீபன் ஃபெர்க் அமைத்தது ஈஸிகுயி. இதில் ஒரே வரி போதும்: பெட்டி தோன்றும், நிரல் நிற்கும், விடை வந்ததும் அடுத்த வரிக்குச் செல்லும். விண்டோஸ், மாக்கிண்டாஷ், லினக்ஸ் மூன்றிலும் அவ்வரி மாறுவதில்லை. பொத்தானின்மேல் எச்சொல்லை இடுவதென்பது எழுதுவோர் விருப்பம். "ஓகே" என்பதற்குப் பதிலாகச் "சரி" என்று எழுதவும் தடையில்லை.