அபின்வகை விலகல் அறிகுறிகளுக்கான மருந்துச் சோதனைகள்

அபின், மார்ஃபின், ஹெராயின் ஆகியவற்றுக்குப் பழகிப்போன உடல், அவை திடீரென நின்றதும் படும் அவதி விலகல் அறிகுறிகள் எனப்படுகிறது. அதைத் தணிக்கும் மருந்துகளை முறையாகச் சோதிக்கும் பணி, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1935-இல் திறக்கப்பட்ட லெக்சிங்டன் அரசு மருத்துவமனையில் வேரூன்றியது. அங்கே கிளிஃப்டன் ஹிம்மெல்ஸ்பாக் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல், வாந்தி, எடைக்குறைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் வகுத்து, அவதியை அளக்கக்கூடியதாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் அங்கே செயற்கை அபின்வகை மருந்தான மெத்தடோனைச் சோதித்து, அதற்குப் பின் வரும் அவதி மார்ஃபினுடையதைவிட மிதமானது, ஆனால் நீண்டது என்று கண்டனர். சோதனைக்கு உட்பட்டவர்கள் கைதிகள்; சிலருக்குப் போதைமருந்தே வெகுமதியாகத் தரப்பட்டது. அடைபட்டிருப்பவர் அதற்காகத் தரும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று ஏற்க முடியாது. கிடைத்த அறிவு பயன்பட்டது என்பது அந்த முறையை நியாயப்படுத்தாது. 1976-இல் அங்கு கைதிகள்மீதான ஆய்வு நிறுத்தப்பட்டது சரியான முடிவே.

1978-இல் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் கோல்டு, ஹெர்பர்ட் கிளீபர் முதலியோர், இரத்த அழுத்த மருந்தான குளோனிடின் இந்த அவதியைத் தணிப்பதைக் காட்டினர். அபின்வகையைச் சேராத மருந்தும் இதற்கு உதவும் என்பது பெரிய திருப்பம். அதன் உறவான லோஃபெக்சிடினுக்கு அமெரிக்கா 2018-இல் ஒப்புதல் அளித்தது. அதுவும் அதிகபட்சம் 14 நாள்களுக்கே. இதற்கு முன்பே, அவதி நீடிக்கும் சில நாள்களைக்கூடச் சுருக்க, மயக்கமருந்து கொடுத்து ஒரே மூச்சில் போதையை முறிக்கும் முறையும் பரவியது. கொலம்பியா பல்கலைக்கழகம் 106 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட சோதனையில் அதனால் அவதி குறையவில்லை. மாறாக, உயிருக்கு ஆபத்தான விளைவுகள் நேர்ந்தன.

இந்த வரலாறு உணர்த்துவது, நாம் எதை அளக்கிறோமோ அதையே வெற்றி என்று எண்ணிவிடுகிறோம் என்பதே. கொட்டாவியும் வியர்வையும் நின்றுவிட்டால் நோய் தீர்ந்ததாகாது. சுவீடனில் 40 பேரிடம் நடந்து 2003-இல் வெளியான சோதனையில், பாதிப் பேருக்கு அபின்வகை மருந்தான புப்ரெனார்ஃபின் ஓராண்டு தொடர்ந்து தரப்பட்டது; மற்றவர்களுக்கு ஆறே நாளில் குறைத்து நிறுத்தப்பட்டது. இரு சாராருக்கும் ஆலோசனை சிகிச்சை உண்டு. ஆண்டு முடிவில் முதல் குழுவில் 75 விழுக்காட்டினர் சிகிச்சையில் நீடித்தனர். மற்றக் குழுவில் ஒருவரும் நீடிக்கவில்லை, நால்வர் இறந்தனர். மருந்தை விட்டபின் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய அளவே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதையும் இங்கே கருத வேண்டும். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. புப்ரெனார்ஃபின் சார்புநிலையை உண்டாக்குவது உண்மைதான். ஆனால் அது மெதுவாகவும் நீடித்தும் செயல்படுகிறது. ஓரளவுக்கு மேல் மூச்சை ஒடுக்குவதும் அதிகரிப்பதில்லை. சோதனை சிறியது என்ற மறுப்பும் நியாயமானதே. எனினும், 2005-இல் உலக சுகாதார நிறுவனம் மெத்தடோனையும் புப்ரெனார்ஃபினையும் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்தது அந்த ஒரு சோதனையை மட்டும் நம்பியல்ல. அவதியைத் தணிப்பது மருத்துவரின் கடமை. ஆனால் எந்தப் புதிய மருந்தையும், அதன்பின் வரும் ஓராண்டில் எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள் என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.