துருப்பிடித்த ஆணியும் வரலாற்றுச் சான்றும்

மண்ணுள் மறைந்து கிடக்கும் பொருளைத் தேடும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. புதையற் கதைகள் வழங்காத நாடே இல்லை எனலாம். ஆயின், கையிலே ஒரு கோலும் கோலின் நுனியிலே ஒரு கம்பிச் சுருளும் கொண்டு, பழைய பூங்காக்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடியடியாகத் தடவிச் செல்லும் பொழுதுபோக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலேயே பெருவழக்காயிற்று. 'மெற்றல் டிடெக்டர்' எனப் பேச்சில் வழங்கும் உலோகங் காண் கருவி பிரித்தானியாவிற் பரவியபோது, அந்நாட்டுத் தொல்லியலாளருக்கும் அக்கருவியைக் கையாண்டோருக்கும் இடையே பெரும் பூசல் மூண்டது. பொன்னும் வெள்ளியும் யாருக்கு உரியன என்பதே அப்பூசலின் வெளித்தோற்றம். அதனுள்ளே வேறொரு வினா இருந்தது. கருவி ஒதுக்கிவிடும் துருப்பிடித்த இரும்பு, தான் கிடந்த இடத்திலே கிடக்கும்வரை எவ்வளவு வரலாற்றைக் கூறவல்லது என்பதே அவ்வினா.

கருவியின் வரலாறு சுருக்கமானது. 1881 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க சனாதிபதி காஃபீல்ட் சுடப்பட்டபோது, அவருடலுள் தங்கிய குண்டு இருக்குமிடத்தை அறிய அலெக்சாந்தர் கிரகாம் பெல் மின்தூண்டலால் இயங்கும் கருவியொன்றை அமைத்தார். குண்டு அகப்படவில்லை. படுக்கையிலிருந்த உருக்குக் கம்பிகள் கருவியைக் குழப்பின என்பர். இரும்பு அன்றே இக்கருவிக்கு இடையூறாகத் தோன்றியமை கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிலிருந்த போலந்துப் படை அதிகாரி யோசெப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காண் கருவி 1942 இல் எல் அலமெயின் போர்க்களத்திற் பயன்பட்டது. போரின்பின் எஞ்சிய இராணுவக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்தன. திரான்சிஸ்டர் வந்தபின் கருவியின் பாரமும் விலையும் குறைந்தன. 1970களில் ஆயிரக்கணக்கானோர் இதனை வாங்கினர்.

சுருளிற் பாயும் ஆடலோட்டம் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றது. புலத்துள் அகப்படும் உலோகத்திலே சுழியோட்டம் எழ, அதன் எதிர்விளைவு ஒலியாகக் கேட்கின்றது. உலோகத்துக்கு உலோகம் இவ்விளைவு வேறுபடுவதால், இரும்பின் ஒலியை மட்டும் அடக்கிவிடுதல் இயலும். பழைய பூங்காவொன்றிலே ஆணிகளும் கம்பித்துண்டுகளும் போத்தல் மூடிகளும் எண்ணிலவாகக் கிடக்கும். அவற்றைத் தோண்டித் தோண்டி அலுத்தவர் ஆளியைத் திருப்பி இரும்பை ஒதுக்குவது இயல்பே. அக்கணத்தில், வீட்டின் கூரையையும் பெட்டியின் மூட்டையும் கப்பலின் பலகையையும் பிணைத்து நின்ற ஆணிகள் அனைத்தும் அவர் செவிக்கு இல்லாதனவாகி விடுகின்றன.

பூங்கா என்னும் சொல் ஈண்டுச் சற்று விளக்கத்துக்குரியது. நகரசபைகள் அமைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பூங்காக்களில், விடுமுறை நாட்களிற் கூடியோர் தவறவிட்ட நாணயங்களும் பொத்தான்களும் மேல்மண்ணிற் கிடக்கும். அவற்றை எடுப்பதால் வரலாறு பெரிதும் இழப்பதில்லை. எனினும் நில உரிமையாளரின் இசைவின்றித் தோண்டுதல் அங்கும் குற்றமேயாகும். பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்த பூங்காக்களின் நிலை வேறு. இவற்றுட் பல பழைய குடியிருப்புக்களின்மேல் அமைந்தன. ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள நியூனம் கோட்னியில், தம் பூங்காவின் அழகைக் கருதி ஹார்கோட் பிரபு 1760களில் ஒரு கிராமத்தையே பெயர்த்து வேறிடத்தில் அமைத்தார். இத்தகைய பூங்காக்களில் அதன்பின் ஏர் புகவில்லை. ஆதலின் வீட்டுத் தளங்களும் உழவு வரம்புகளும் புல்லின் கீழ் குலையாது கிடக்கின்றன. உழுத வயலில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டுபவர் ஏற்கெனவே கலைந்த மண்ணைத்தான் கலைக்கின்றார். பழைய பூங்காவில் அதே ஆழத்துக்குத் தோண்டுபவரோ குலையாத மண்படைகளை ஊடறுக்கின்றார். அமைதியாகத் தோன்றும் பசும்புல் நிலமே அதிக ஆபத்துக்குள்ளாவது விந்தைதான்.

இரும்பாணி எவ்வளவு கூறவல்லது என்பதற்குச் சட்டன் ஹூவை விடச் சிறந்த சான்று காட்டல் அரிது. இங்கிலாந்தின் கிழக்கே, சவொக் மாவட்டத்திலே, ஈடித் பிரெற்றி என்னும் சீமாட்டிக்கு உரிய நிலத்தில் மண்மேடுகள் பல இருந்தன. 1938 இல் அவற்றை அகழ அவர் அமர்த்திய பசில் பிரவுண் பல்கலைக்கழகம் சென்று பயின்றவரல்லர். அயலூர் மண்ணை அறிந்தவர். முதலில் அகழ்ந்த மேடுகள் முன்னரே கொள்ளையிடப்பட்டிருந்தன. ஆயினும் ஒன்றிலே துருவேறிய இரும்புத் தறையாணிகள் கிடைத்தன. பிரவுண் அவற்றை வீசிவிடவில்லை. 1862 இல் ஸ்னேப் என்னும் அயலிடத்தில் அகழப்பட்ட கப்பற் புதைகுழியின் ஆணிகள் ஓல்ட்பரோ நூதனசாலையில் இருந்தன. அங்கு சென்று இரண்டையும் ஒப்புநோக்கித் தெளிவு பெற்றார்.

1939 மே மாதத்தில் முதலாம் மேட்டை அகழத் தொடங்கியபோது மீண்டும் ஓர் ஆணி வெளிப்பட்டது, அடுத்து மற்றொன்று, பின்னர் வரிசை வரிசையாக. பலகைகள் அமில மண்ணில் முற்றாக மக்கிப் போயிருந்தன. ஆணிகளோ பலகையைப் பிணைத்த அதே இடத்தில், அதே இடைவெளியில் நின்றன. ஒன்றையும் பிடுங்காது மண்ணைத் துடைத்துக்கொண்டே சென்றபோது, ஏறத்தாழ 27 மீற்றர் நீளமான கப்பலொன்றின் உரு மணலிலே பதிந்து தோன்றியது. கி. பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மன்னனொருவன், பெரும்பாலும் கிழக்கு ஆங்கிலியாவின் றெட்வால்ட், அக்கப்பலிலே பொன்னணிகளோடு அடக்கஞ் செய்யப்பட்டான் என்பது ஆய்வாளர் கருத்து. அப்பொன்னைத் தேடிப் பல நூற்றாண்டுகளின் முன் வந்த கள்வர் மேட்டின் நடுவெனத் தோன்றிய இடத்திலே குழி தோண்டி ஏமாந்திருந்தனர். மேட்டின் ஒரு புறம் முன்னரே வெட்டப்பட்டிருந்தமையால் உண்மையான நடுவிடம் அவர்களுக்குத் தப்பியது. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துரு நீக்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்திருந்தால், அவற்றிலிருந்து ஒரு தோணியைக்கூட எவரும் கண்டிருக்க முடியாது.

அதே குழியிற் கிடைத்த தலைக்கவசமும் இரும்பாலானதே. அது 500க்கு மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கித் துருவேறிக் கிடந்தது. ஹேபேட் மேரியன் 1945-46 இல் அதனை ஒருமுறை பொருத்தினார். அவ்வமைப்பிலே குறைகள் காணப்பட்டமையால், பிரித்தானிய நூதனசாலையின் நைஜல் வில்லியம்ஸ் 1970-71 இல் அதனைக் கழற்றி மீண்டும் அமைத்தார். இன்று உலகறிந்த முகம் அவர் அமைத்ததே. துண்டுகளின் வளைவும் தடிப்பும் அவற்றிற் படிந்த துருவின் தன்மையுமே அவருக்கு வழிகாட்டின. முதன்முறை எவரேனும் துருவைச் சுரண்டிப் பளபளப்பாக்கியிருந்தால் இரண்டாம் முறை என்று ஒன்று இருந்திராது.

துரு நீக்கும் முறைகளைச் சிறிது நோக்குதல் பொருந்தும். பொழுதுபோக்காளர் வினாகிரியில் ஊறவைப்பர்; கம்பித் தூரிகையால் உரஞ்சுவர்; அன்றேல் சலவைச்சோடாக் கரைசலிற் பொருளைத் தொங்கவிட்டு, மோட்டார் வண்டி மின்கலத்துக்கு மின்னேற்றும் பொறியை இணைத்து மின்பகுப்புச் செய்வர். பொருளின் மேல் எழும் ஐதரசன் குமிழிகள் துருவைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். நேற்றைய சுத்தியலுக்கும் குதிரை இலாடத்துக்கும் இது தக்க முறையே. பழைய பூங்காவிலே கிடைத்த கதவுத் தாழொன்று இவ்வாறு மீண்டும் தாழாவதைக் காண்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயிரம் ஆண்டு மண்ணிற் கிடந்த இரும்பின் கதி வேறு. அதன் உள்ளே உலோகம் சிறிதளவே எஞ்சியிருக்கும். சிலவேளை ஒன்றுமே இராது. பொருளின் ஆதி மேற்பரப்பு துருவின் நடுவிலே ஒரு படையாகத் தங்கியிருக்கும். உடுத்த துணியின் நெசவும் உறையின் மரநாரும் அத்துருவிலேயே கனிப்பொருளாய் மாறிப் பதிந்திருக்கும். இத்தகைய பொருளை மின்பகுப்புச் செய்தால் வாளும் போய்விடும், உறையும் போய்விடும்.

தோண்டி எடுத்தவுடன் மற்றோர் ஆபத்தும் தொடங்குகின்றது. மண்ணிலிருந்து இரும்புக்குள் ஊறிய குளோரைட்டு, ஈரமும் ஒட்சிசனும் கிடைத்ததும் புதிய துருவை உண்டாக்குகின்றது. அத்துரு பருத்துப் பொருளை உள்ளிருந்து வெடிக்கச் செய்யும். செம்மஞ்சள் நிறத் துளிகள் இரும்பின்மேல் அரும்புவதைப் பார்ப்போர் அது 'அழுகின்றது' என்பர். ஆகவே நூதனசாலைகளில் முதலில் எக்ஸ்கதிர்ப் படம் எடுப்பர். உருக்குலைந்த கட்டியினுள் கத்தியும் சாவியும் அப்படத்திலே தெளிவாகத் தெரியும். பின்னர் காரக் கரைசலிற் பல மாதங்கள் வைத்துக் குளோரைட்டை வெளியேற்றுவர். நுணுக்குக்காட்டியின் கீழ்த் துருவைத் தேவையான அளவே அகற்றி, உலர்ந்த பேழையிற் காப்பர்.

பிரித்தானியாவில் பூசல் எவ்வாறு தணிந்தது என்பதும் கூறத்தக்கது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் இக்கருவியை இசைவின்றிப் பயன்படுத்துவதை 1979 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1980 இல் தொல்லியலாளர் கருவியாளருக்கெதிராகப் பெரும் இயக்கமொன்றைத் தொடங்கினர். அது பகைமையையே வளர்த்தது. நோபொக் மாவட்டத்தில் மட்டும் ரோனி கிரெகரி முதலியோர் கருவியாளரோடு உறவாடி, கண்டெடுத்தவற்றையும் இடங்களையும் பதிந்து வந்தனர். மறுபுறம், சறே மாவட்டத்து வான்பரோவில் உரோமர் காலக் கோயிலிடம் ஒன்று 1980களின் நடுப்பகுதியிலே இரவு இரவாகச் சூறையாடப்பட்டது. பொன்னோ வெள்ளியோ மீட்டெடுக்கும் நோக்குடன் ஒளிக்கப்பட்டிருந்தாலே அரசுக்குரிய புதையலாகும் என்பது அன்றைய சட்டம். கோயிலுக்கு நேர்ந்த காணிக்கை அவ்வரையறைக்குள் அடங்குமோ என்ற ஐயம் கள்வருக்கு வாய்ப்பாயிற்று. புதையலா அன்றோ எனத் தீர்ப்பவர் மரண விசாரணை அதிகாரி என்பது அந்நாட்டுச் சட்டத்தின் வேடிக்கைகளுள் ஒன்று.

1992 நவம்பர் 16 ஆம் நாள் சவொக்கின் ஹொக்ஸ்னி என்னும் ஊரில் எரிக் லோஸ் என்பவர், நண்பரான விவசாயி வயலிலே தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு சென்றார். வெள்ளிக் கரண்டிகளும் நாணயங்களும் வெளிப்பட்டன. சிறிதளவு எடுத்தவுடன் அவர் தோண்டுவதை நிறுத்தி அறிவித்தார். மறுநாளே தொல்லியலாளர் வந்து எஞ்சியவற்றைக் கிடந்தபடியே அகழ்ந்தனர். நாணயங்கள் மட்டும் ஏறத்தாழ 15,000. அவற்றின் காலம் கி. பி. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். அரசகுலப் பெண்ணுருவில் அமைந்த மிளகுச் சிமிழொன்றும் அங்கு கிடைத்தது. சேரநாட்டுக் கரையில் விளைந்த பண்டம் உரோமப் பேரரசின் வடமேற்கு எல்லைவரை சென்று, வெள்ளிச் சிமிழில் இடம்பெற்றமை தமிழ் மாணவர் கருதத்தக்கது. ஆயினும் தொல்லியலாளர் அதிகம் போற்றியவை வேறு. மக்கிய மரத்தின் தடயம், இரும்பு மூட்டுக்கள், சிறு பூட்டுக்கள், கிண்ணங்களுக்கிடையே செருகிய வைக்கோல் ஆகியவை அப்பொருட்கள் ஓக்குமரப் பெட்டியொன்றினுள் ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டமையை உணர்த்தின. அவசரத்தில் வாரிக் கொட்டிய புதையலன்று அது. லோஸ் மேலும் ஒரு மணிநேரம் தோண்டியிருந்தால் வெள்ளி முழுவதும் மிஞ்சியிருக்கும்; பெட்டி மறைந்திருக்கும்.

1996 இல் நிறைவேறி 1997 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த புதையற் சட்டம், பொன் வெள்ளியோடு சேர்ந்து கிடைத்த எப்பொருளையும் புதையலாகக் கொண்டது. துருப்பிடித்த ஆணிக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது இவ்வாறே. கண்டெடுத்தோர் தாமாக முன்வந்து பதிவதற்கான திட்டமும் அதே ஆண்டில் தொடங்கிற்று. ஒரு மில்லியனுக்கு மேற்பட்ட பொருட்கள் இன்று அதிற் பதிவாகியுள்ளன.

ஈழத்து வரலாற்றிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிகின்றது. கந்தரோடையின் மேல்மண்ணிலிருந்து பெருந்தொகையான நாணயங்கள் பொறுக்கப்பட்டன. போல் பீரிஸ் 1910களில் அவற்றை ஆராய்ந்தார். ஆயினும் எந்த நாணயம் எம்மண்படையைச் சேர்ந்தது என்பதை அவற்றைக் கொண்டு கூற இயலாது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் 1970 இல் அங்கு அகழ்ந்த பின்னரே படைகளின் வரிசை புலப்படலாயிற்று. ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் கண்ட முத்திரையோ அளவிற் சிறியது. ஈமக்குழியிலே, எலும்புக்கூட்டின் அருகே கிடந்தவாறு அது பதியப்பட்டமையாலேயே பெருங்கற்காலப் பண்பாட்டு மக்களோடு அதனை இணைத்துப் பேச முடிகின்றது. கடையிலோ வீட்டுப் பேழையிலோ அது அகப்பட்டிருந்தால் அதன் காலம்பற்றிய விவாதமே முடிந்திராது.

ஹொக்ஸ்னியில் லோசுக்கும் விவசாயிக்குமாக 17.5 இலட்சம் பவுண் வழங்கப்பட்டது. தேடிச்சென்ற சுத்தியலும் பின்னர் அகப்பட்டது. அது பழம்பொருளன்று, சட்டப்படி புதையலுமன்று. எனினும் அதுவும் இப்போது பிரித்தானிய நூதனசாலைக்கே உரியது.