தேயும் மூட்டும் தேடும் விஞ்ஞானமும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஹாஸ்டல் நினைவுகள். நான் கொடுப்பதோ முழங்கால் சமாச்சாரம். மெக்கானிக்கல் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் சிரிக்க வேண்டாம். பேரிங் தேய்ந்தால் கழற்றி மாற்றுகிறோம், மனுஷன் மூட்டு தேய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்விதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

எங்கள் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே எத்தனை ஆயிரம் தடவை நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்திருப்பார் என்று கணக்கில்லை. இப்போது 68 வயது. இரண்டு படி ஏறினால் சுவரைப் பிடிக்கிறார். சென்னையில் ஒரு கிளினிக்கில், "ஸ்டெம் செல் ஊசி போட்டால் குருத்தெலும்பு புதுசாக வளரும், ஆபரேஷனே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு காலுக்கும் சேர்த்துப் பல லட்சம். அப்பா யோசிக்கவே இல்லை. "தங்கச்சிக்குன்னு வச்சிருக்கிற மனைய வித்துடலாம்டா, நான் நடந்தாப் போதும்" என்றார். "ஒரு மாசம் டைம் குடுங்கப்பா" என்று கேட்டு வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன்.

முதலில் இந்தக் குருத்தெலும்பைப் பற்றி. எலும்பின் முனையில் சில மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளையாகப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான படலம். நாம் லேப்பில் பார்த்த எந்த பேரிங்கும் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும், அவ்வளவு குறைந்த உராய்வு! ஆனால் இதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பு கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் நீரை ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சித்தான் பிழைக்கிறது. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் ஓடி வந்து ரிப்பேர் பார்க்கிறது. இங்கே வர வழியே இல்லை. கெட்டுப்போன குருத்தெலும்பு மறுபடி சேராது என்று லண்டனில் வில்லியம் ஹண்டர் எழுதியது 1743-ல். அந்த வாக்கியத்தை முறியடிக்கும் முயற்சிதான் அதற்கப்புறம் நடந்த கதை முழுவதும்.

ரத்தம் வரவில்லை என்றால் வரவழைப்போம் என்று கிளம்பியவர் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து டாக்டர் பிரைடி. 1959-ல் தேய்ந்த இடத்தில் எலும்பைத் துளைபோட்டு, உள்ளே இருக்கும் மஜ்ஜையைக் கசிய விடும் முறையை வெளியிட்டார். நம்ம ஊர் போர்வெல் டெக்னிக்தான். 1980-களில் அமெரிக்காவில் ஸ்டெட்மன் அதையே சின்னச் சின்ன ஓட்டைகளாகச் செய்தார். ஏதோ வளர்ந்தது, ஆனால் அசல் சரக்கு இல்லை. வடு மாதிரி நார்த்தன்மையான, சீக்கிரம் தேய்கிற திசு.

அந்தக் கசிவில் என்ன இருந்தது என்பதற்கு விடை தனியாக மாஸ்கோவில் கிடைத்துக்கொண்டிருந்தது. 1960-களிலும் 70-களிலும் ஃப்ரீடன்ஸ்டைன் என்பவர், மஜ்ஜையிலிருந்து எடுத்த சில செல்கள் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பெருகுவதையும் எலும்பாக மாறுவதையும் காட்டினார். அமெரிக்காவில் ஆர்னால்ட் கேப்லன் 1991-ல் அவற்றுக்கு 'மெசன்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தார். பெயரைக் கேட்டதும் உலகமே மூட்டைத் திரும்பிப் பார்த்தது.

1994-ல் சுவீடனிலிருந்து வந்த செய்தி பெரிய பரபரப்பு. பிரிட்பெர்க், பீட்டர்சன் குழுவினர் நோயாளியின் குருத்தெலும்பு செல்லையே கொஞ்சம் எடுத்து, இரண்டு மூன்று வாரம் லேப்பில் பெருக்கி, பள்ளத்தில் வைத்து மூடினார்கள். ஸ்டெம் செல் அல்ல, வளர்ந்த செல்தான். 23 பேர். தொடை எலும்பு முனையில் செய்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் செய்த 7 பேரில் 2 பேருக்குத்தான். இங்கே நான் அடிக்கோடு போட்டது வேறு ஒன்று. அவர்களுடைய வயது 14 முதல் 48 வரை. ஒரு இடத்தில் பள்ளம் விழுந்த மூட்டுகள். எங்கள் அப்பா மாதிரி மொத்தமாகத் தேய்ந்தவை அல்ல.

தேய்ந்த மூட்டில் ஸ்டெம் செல்லை வைத்துப் பார்த்தவர் ஜப்பானின் வாகிதானி. 2002-ல் 24 முழங்கால்களில், பாதியில் செல் வைத்தும் பாதியில் வைக்காமலும் ஒப்பிட்டார். உள்ளே பார்க்கையில் திசு மேலாக இருந்தது, ஆனால் நோயாளியின் சுகத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, ஆரணி வழியாகப் போனால் வேலூர். அங்கே சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவோடு 2005-ல் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் இப்படி ஒன்று இருப்பது நான் படித்த காலத்தில் எனக்குத் தெரியாது. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், ஆரோக்கியமானவர்கள் தானம் தந்த மஜ்ஜையிலிருந்து தயாரித்த ஊசி மருந்துக்கு 2022-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி கிடைத்தது. 146 பேரிடம் நடந்த சோதனையில் ஒரு வருஷத்துக்கு வலி குறைந்தது உண்மை. ஆனால் அது இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கு. புதுசாகக் குருத்தெலும்பு முளைத்தது என்று அவர்களே சொல்லவில்லை. 2023-ல் அமெரிக்காவில் ஏறக்குறைய 480 பேரிடம் மூன்று விதமான செல் ஊசிகளைச் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருஷம் கழித்து எதுவும் அதைவிட மேல் என்று தெரியவில்லை.

பெயர் வைத்த கேப்லனே 2017-ல், பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். இந்தச் செல்கள் தாமே செங்கல்லாக மாறிச் சுவர் எழுப்புவதைவிட, மேஸ்திரி மாதிரி அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் குரல் கொடுப்பதுதான் அதிகம் என்பது அவர் வாதம். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. அதே 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதலும் வந்தது. ரத்தம் சம்பந்தப்பட்ட சில நோய்கள் தவிர மற்றதற்கெல்லாம் முறையான சோதனைக்குள் மட்டுமே ஸ்டெம் செல் போடலாம், சிகிச்சை என்று காசுக்கு விற்கக்கூடாது என்கிறது அது. (இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: செல்லைப் பிடித்து நிறுத்தும் சாரத்துக்குப் பொருள் கண்டுபிடிப்பது டாக்டர் வேலை மட்டும் அல்ல, நம்ம வேலையும்தான்.)

ஒரு மாசம் முடிந்தது. அப்பாவின் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு வேறொரு எலும்பு டாக்டரிடம் போனோம். நான்காம் நிலை, எலும்போடு எலும்பு உரசுகிறது. இதில் ஊசி எதை வளர்க்கும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மூட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி, அதுவரை தொடைக்குப் பயிற்சி செய்து, எடையைக் குறைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இம்மா வருஷமா படிச்சவங்க எல்லாம் சேந்து இன்னும் கண்டுபுடிக்கலயா?" என்றார். "இன்னும் இல்லப்பா." "சரி, ஆபரேஷனுக்கே தேதி கேளு."

வலது கால் போன தை மாசம் முடிந்தது. இடது காலுக்கு டாக்டர் தேதி சொல்லியிருக்கிறார். மனை தங்கச்சி பேரில்தான் இருக்கிறது.