ராஜுலா கப்பலும் ஒரு குடியுரிமை மனுவும்

ராயபுரத்தை ஒட்டின சென்னைத் துறைமுகத்துல இருந்து மலாயா பக்கம் போன கப்பல்கள்ல ரொம்பப் பேர் போனது எஸ்.எஸ். ராஜுலா. 1926ல் கிளாஸ்கோவில் கட்டினது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்தபடியே கடல் தாண்டினவர்கள் ஆயிரக்கணக்கில். கப்பல் போகவும் வரவுமா இருந்ததால, 'சம்பாதிக்க அக்கரை, சாக இக்கரை' என்ற கணக்கு பலர் மனசில் இருந்தது. அந்தக் கணக்கை மாற்றச் சொன்ன ஒரு பத்திரிகைக்காரரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கோ. சாரங்கபாணி திருவாரூர்க்காரர், பிறந்தது 1903. ராஜுலா வருவதற்கு 2 வருஷம் முன்பே, 1924ல், சிங்கப்பூர் போய்விட்டார். பெரியாரின் சுயமரியாதைக் கருத்துகளில் பிடிப்பு. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் தீவிரமாக இருந்தார். 1935 ஜூலை 6ல் 'தமிழ் முரசு' வந்தது, விலை ஒரு காசு. சாதி ஒழிப்பு, மூடப்பழக்க எதிர்ப்பு என்று இங்கே கேட்ட குரல்தான் அங்கேயும் முதலில் ஒலித்தது. அப்போது அவர் தீவில் இருந்த தமிழ்நாட்டுக்காரர், அவ்வளவுதான்.

ஆனா தீவு ஆளை மாத்தும். சீனப் பெண்ணை மணந்தார். அதைக் கலப்புத் திருமணம் என்று மட்டும் பார்த்தால் போதாது. வீடே அந்த மண்ணோட வீடாகிவிட்டது இல்லையா? பிறகு அவர் எடுத்த காரியங்களைப் பாருங்க. 1952ல் தொடங்கிய தமிழர் திருநாள், மதம் பார்க்காமல் எல்லாத் தமிழரையும் பொங்கலை ஒட்டி ஒன்று சேர்த்தது. பிள்ளைகள் எழுதிப் பழக முரசில் மாணவர் மணிமன்றம் வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை பேச்சு வந்தபோது, தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் பணம் திரட்டினார். ஊர் திரும்பப் போகிறவன் இதையெல்லாம் செய்வானா?

என் பார்வையில் இதைவிடப் பெரிய வேலை, 1957ல் சிங்கப்பூர் குடியுரிமைச் சட்டம் வந்தபோது நடந்தது. பதிவு செய்யுங்கள் என்று முரசு விடாமல் சொன்னது. மனு எழுதத் தெரியாதவர்களுக்கு உதவி செய்ய ஏற்பாடும் நடந்தது. சும்மா கையெழுத்து இல்லை அது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்காது. அங்கே பதிந்தால் இங்கே விட வேண்டும். கப்பல் டிக்கெட்டோட மறுபாதியைக் கிழிச்சுப் போடற மாதிரி.

அது ஏன் முக்கியம் என்பதற்கான பதில் வடசென்னையிலேயே இருக்கு. பர்மாவில் 1962ல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த 2 வருஷத்தில் கடைகள் அரசுடைமையாயின. தலைமுறை தலைமுறையா அங்கே இருந்த தமிழர்களில் மிகப் பலரிடம் பர்மியக் குடியுரிமை கிடையாது. கேட்டவர்களுக்கும் எளிதில் கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட வெறுங்கையோடு கப்பலேறி இதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் உருவானது. இன்னிக்கு அங்கே வரிசையில் நின்று அத்தோ சாப்பிடுகிறோம். அந்தக் கடைகளுக்குப் பின்னால் இருப்பது, அக்கரையையும் ஊர் என்றே நினைத்து வாழ்ந்த குடும்பங்கள்.